பறக்கும் உரிமையும் பிழைக்கும் வழியும்

சென்ற கிழமை எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. வடமராட்சியிலிருந்து ஓர் அம்மையார் எழுதியிருக்கின்றார். கணவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மூத்தவன் மகன், உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவிற் சித்தியெய்தியவன். இளையவள் மகள், இன்னும் பாடசாலை செல்பவள். மகன் விமானியாகவே வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கின்றான். வெளிநாட்டு விமானப் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் முகவர் வீட்டுக்கே வந்து, பதினெட்டு மாதங்களில் அனுமதிப்பத்திரம் கைக்கு வரும், அதன் பின்னர் மாதந்தோறும் இலட்சக்கணக்கிற் சம்பளம் வரும் என்று கணக்குக் காட்டிச் சென்றிருக்கின்றார். பணத்துக்கு உள்ள ஒரே வழி, மகளுக்கென ஒதுக்கி வைத்திருக்கும் தோட்டக் காணியை ஈடு வைப்பதே. "வைக்கலாமா, கூடாதா? ஒரு சொல்லிற் கூறுங்கள்" என்று அம்மையார் கேட்கின்றார்.

ஒரு சொல்லிற் கூறிவிடக்கூடிய விஷயமன்று இது. இதே எண்ணத்தோடு இருக்கும் பெற்றோர் நம் நேயர்களுள் இன்னும் பலர் இருப்பர் என்பதால், விடையைச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

ஆகாய விமானம் எம்மவர்க்குப் புதியதன்று. 1947 டிசம்பரில் எயர் சிலோன் தன் முதலாவது சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. அக்காலந்தொட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்து "நானும் ஒருநாள்" என்று எண்ணாத சிறுவர் அரியர். அந்த ஆசையை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் ஆசைக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் இடையில் ஒரு தூரம் உண்டு. அனுமதிப்பத்திரத்துக்கும் சம்பளத்துக்கும் இடையில் மற்றொரு தூரம் உண்டு. முகவர்கள் பேசுவது முதலாவது தூரத்தைப் பற்றி மட்டுமே. குடும்பங்கள் இடறி விழுவதோ பெரும்பாலும் இரண்டாவது தூரத்திலேயாம்.

முதலில் விதிகள் யாவை எனப் பார்ப்போம். 1944 ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் பல நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகத் தோன்றியது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. அவ்வுடன்படிக்கையின் முதலாவது இணைப்பே விமானிகளுக்கும் ஏனைய விமானத்துறை ஊழியர்க்கும் அனுமதிப்பத்திரம் வழங்கும் முறையை வகுக்கின்றது. அது விதிப்பது குறைந்தபட்ச அளவு. ஒவ்வொரு நாடும் அதனைத் தழுவித் தன் சட்டத்தை அமைத்துக்கொள்ளும். வேண்டுமாயின் மேலும் இறுக்கும். நம் நாட்டில் இப்பொறுப்பு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையைச் சார்ந்தது.

ஏணியின் முதற்படி தனியார் விமானி அனுமதிப்பத்திரம். இதற்கு வயது 17 நிறைந்திருத்தல் வேண்டும். 40 மணித்தியாலம் பறந்திருத்தல் வேண்டும். அங்கீகரிக்கப்பெற்ற பாடநெறியிற் பயின்றோர்க்கு 35 மணித்தியாலம் போதும். இவற்றுள் 10 மணித்தியாலமாவது பயிற்றுநர் அருகில் இல்லாது தனித்துப் பறந்ததாக இருத்தல் வேண்டும். இந்தப் படியில் நிற்பவர் விமானத்தைச் செலுத்தலாம். ஆனால் அதற்காக ஊதியம் பெறலாகாது. அமெரிக்க விதி இதனை நுணுக்கமாகவே சொல்கின்றது. நண்பர் மூவரை ஏற்றிக்கொண்டு நால்வராகப் பறந்தால், எரிபொருட் செலவையும் விமான வாடகையையும் பங்கிட்டுக் கொள்ளலாம். எனினும் விமானி தன் காற்பங்கைத் தன் கையிலிருந்து கொடுத்தே தீரவேண்டும். ஆகவே இந்தப் படியிற் செலவுண்டு, வரவில்லை.

இரண்டாம் படி வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம். வயது 18, பறந்த நேரம் 200 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பெற்ற பாடநெறியாயின் 150. ஊதியத்துக்குப் பறக்கும் உரிமை இந்தப் படியிலேதான் பிறக்கின்றது. ஆயினும் மேகத்துள்ளும் இருளிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கத் தனித் தகுதி ஒன்று உண்டு. பல இயந்திர விமானத்துக்கு வேறொரு தகுதி உண்டு. பெரிய பயணிகள் விமானத்தின் ஒவ்வொரு வகைக்கும் மீண்டும் தனிப் பயிற்சியும் சோதனையும் உண்டு. இந்த வகைத் தகுதிக்கான செலவைச் சில நிறுவனங்கள் தாமே ஏற்கும்; சில நிறுவனங்கள் விமானியின் தலையிலே கட்டும்.

மூன்றாம் படி விமானச் சேவைப் போக்குவரத்து விமானி அனுமதிப்பத்திரம். வயது 21, பறந்த நேரம் 1,500 மணித்தியாலம். பெரிய பயணிகள் விமானத்திற் தலைமை விமானியாக அமர்வதற்கு வேண்டியது இதுவே.

இவை யாவற்றுக்கும் முன்னே நிற்பது வைத்தியப் பரிசோதனை. ஊதியத்துக்குப் பறப்போர்க்கு முதலாம் வகுப்பு வைத்தியச் சான்றிதழ் வேண்டும். கண், காது, இருதயம், சுவாசம், மனநலம் யாவும் பார்க்கப்படும். மூக்குக்கண்ணாடி அணிவது பெரும்பாலும் தடையன்று. நிறங்களை வேறுபடுத்தி அறிய இயலாமையோ வலிப்பு நோயோ இருப்பின் வழி அடைபடக்கூடும். இச்சான்றிதழ் ஒருமுறை பெற்றால் வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாவதும் அன்று. ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். முதுமை நெருங்க நெருங்கச் சிலருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எனவே விமானியின் சம்பளம் அவனுடைய உடலிலே தொங்குகின்றது என்றாலும் தவறாகாது.

இனி முகவரின் கணக்குக்கு வருவோம். பதினெட்டு மாதங்களில் அனுமதிப்பத்திரம் என்று அவர் சொன்னது பொய்யன்று. திறமையும் நல்ல காலநிலையும் இருப்பின் இரண்டாம் படியை அக்காலத்துள் எட்டலாம். ஆனால் அந்த 200 மணித்தியாலத்தோடு வெளிவரும் இளைஞனுக்கு ஆசனம் கொடுப்பவர் யார் என்ற கேள்வியை அம்மையார் கேட்கவில்லை. முகவரும் தாமாகச் சொல்லவில்லை.

இக்கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை வேறுபடும். அமெரிக்காவில் அதற்குச் சட்டமே விடை சொல்கின்றது. அச்சட்டம் பிறந்த கதை சோகமானது. இத்தொழிலின் விதியும் ஊதியமும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதைக் காட்டுவது. ஆதலால் அதனைச் சொல்கின்றோம்.

2009 பெப்ரவரி 12 ஆம் தேதி இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற சிறிய பயணிகள் விமானம் ஒன்று, இறங்குவதற்குச் சற்று முன்னர் ஒரு வீட்டின் மீது வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டனர். விமானத்தின் வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததை எச்சரிக்கைக் கருவி உணர்த்தியபோது, மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்க வேண்டிய தலைமை விமானி, அதற்கு மாறாகச் செலுத்துதண்டைத் தன்பக்கம் இழுத்தார் என்று விசாரணை கண்டது.

அந்த விசாரணையில் மற்றொரு செய்தியும் வெளியாயிற்று. துணை விமானிக்கு வயது 24. அவருடைய வீடு நாட்டின் மேற்குக் கரையில், சியாட்டில் பகுதியில். பணி தொடங்கும் இடமோ கிழக்குக் கரையில். அவர் முதல்நாள் இரவெல்லாம் பிற விமானங்களிற் பிரயாணஞ் செய்து பணிக்கு வந்திருந்தார். அவருடைய ஆண்டுச் சம்பளம் 24,000 டொலருக்கு மேற்படவில்லை. சோர்வு இருவருடைய செயலையும் பாதித்திருத்தல் கூடும், ஆயின் எவ்வளவு பாதித்தது என்று வரையறுக்க இயலாது என்பதே விசாரணைச் சபையின் முடிவு. விமானி என்றால் செல்வர் என்று எண்ணியிருந்த பொதுமக்கள் அந்தச் சம்பளத் தொகையைக் கேட்டுத் திகைத்தனர்.

இறந்தோரின் குடும்பத்தார் ஓயாது முயன்றதன் பயனாக 2010 ஆகஸ்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதுவரை 250 மணித்தியாலம் பறந்த வர்த்தக விமானியும் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமரலாம் என்று இருந்தது. 2013 முதல் துணை விமானிக்கும் மூன்றாம் படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதாவது 1,500 மணித்தியாலம். விமானத்துறைப் பட்டம் பெற்றோர்க்கு அது 1,000 மணித்தியாலமாகவும், இராணுவ விமானிகளுக்கு 750 ஆகவும் குறைக்கப்பட்டுள்ளது. விமானிகளின் ஓய்வு நேர விதிகளும் 2014 இல் இறுக்கப்பட்டன.

இந்த 1,500 மணித்தியால விதி சரியானதுதானா என்று இன்றுவரை வாதம் நடக்கின்றது. அன்றைய விபத்தில் இறந்த விமானிகள் இருவரும் 1,500 மணித்தியாலத்துக்கு மேற் பறந்தவர்களே என்பதை எதிர்த்தரப்பார் சுட்டுவர். அது மெய்யே. ஐரோப்பாவில் சட்டம் இவ்வளவு மணித்தியாலங் கேட்பதில்லை. 200 மணித்தியாலம் அளவில் பயின்று வெளிவருவோர் துணை விமானியாக நேரே அமர்வதும் அங்கு உண்டு. எனினும் வழக்கின் முடிவு எதுவாயினும், படிக்கப் போகும் பிள்ளைக்கு வேண்டியது ஒரு கேள்விக்கு விடையே. நடுவிலுள்ள மணித்தியாலங்களை எங்கே, யாருடைய செலவிற் பறப்பது?

அமெரிக்க இளைஞர் பெரும்பாலோர் பயிற்றுநராகி, பிறருக்குக் கற்பித்தே அந்த மணித்தியாலங்களைச் சேர்க்கின்றனர். 250 இலிருந்து 1,500 க்கு 1,250 மணித்தியாலம். மாதம் 60 மணித்தியாலம் இடையறாது பறந்தாலும் ஏறக்குறைய 21 மாதங்கள். அதுவும் அந்நாட்டில் உழைக்கும் உரிமை உடையவர்க்கே. நம் பிள்ளை அங்கு மாணவனாகச் செல்பவன். பறக்கும் அனுமதிப்பத்திரம் வேறு. அந்த நாட்டில் உத்தியோகம் பார்க்கும் அனுமதி வேறு. முன்னையது கிடைத்தால் பின்னையதும் கிடைத்ததாகப் பலர் மயங்குகின்றனர். அந்த அனுமதிப்பத்திரத்தோடு ஊருக்குத் திரும்பினால், இங்குள்ள அதிகாரசபையின் விதிப்படி அதனை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். அதற்கும் பரீட்சையும் சோதனையும் பணமும் வேண்டும்.

வேலைக்காகக் காத்திருக்கும் காலத்தில் அனுமதிப்பத்திரம் பெட்டியிற் சும்மா கிடப்பதில்லை. பயணிகளை ஏற்றுவதற்கு, முந்திய 90 நாட்களுள் மூன்று முறையாவது ஏறி இறங்கியிருத்தல் வேண்டும். கருவிப் பறப்புத் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். வைத்தியச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காசு. காணியின் வட்டியும் அப்போது ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, இவ்வளவையும் தாண்டியவனுக்குக் கிடைப்பது என்ன? இங்கு முகவர் சொன்னதிலும் உண்மை உண்டு. அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரப் பணியகத்தின் 2024 மே மாதக் கணக்குப்படி, விமானச் சேவை விமானிகளின் ஆண்டு வருமானத்தின் நடுமதிப்பு 226,600 டொலர். அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் பெறுகின்றனர். வாடகை விமானம், பயிர்களுக்கு மருந்து தெளித்தல், மீட்புப்பணி முதலியவற்றில் ஈடுபடும் வர்த்தக விமானிகளுக்கு அது 122,670 டொலர். பஃபலோ விபத்துக் காலத்தைப் போலன்றி, சிறிய விமானச் சேவைகளும் 2022 இல் விமானிகள் கிடையாது தவித்து, புதியவர்களின் ஆரம்பச் சம்பளத்தைப் பெருமளவு உயர்த்தின.

ஆனால் இத்தொகைகளை எடுத்துக் காட்டுவோர் சில விஷயங்களை விட்டுவிடுகின்றனர். நடுமதிப்பு என்பது முப்பது ஆண்டு பறந்தவரையும் நேற்றுச் சேர்ந்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பெற்றது. அங்கே சம்பளம் பறக்கும் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கணிக்கப்படுவது. ஆண்டில் 1,000 மணித்தியாலத்துக்கு மேற் பறக்கச் சட்டம் இடங்கொடாது. உயர்வு என்பது அந்த நிறுவனத்திற் சேர்ந்த நாளைப் பொறுத்தது. நிறுவனம் மாறினால், நரைத்த தலையோடும் வரிசையின் கடைசியிற் போய் நிற்க வேண்டும். 2020 இல் கொள்ளைநோய் வந்தபோது உலகெங்கும் விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. எத்தனையோ விமானிகள் வேலை இழந்தனர். 65 வயதுக்கு மேல் சர்வதேச விமானச் சேவையிற் பறக்க முடியாது. இடையில் ஒருநாள் வைத்தியர் "இல்லை" என்றால் அன்றோடு முடிந்தது. அதற்கெனத் தனியே அனுமதிப்பத்திர இழப்புக் காப்புறுதி என்று ஒன்று இருப்பதே இத்தொழிலின் தன்மையை உணர்த்தும்.

ஆகவே அம்மையாருக்கு எம் விடை இது. காணியை இப்போது ஈடு வைக்க வேண்டாம். மகனின் ஆசையைக் கிள்ளி எறியவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு.

முதற் செலவு வைத்தியருக்கே ஆகட்டும். அதிகாரசபை அங்கீகரித்த விமானத்துறை வைத்தியரிடம் மகன் முதலாம் வகுப்புப் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டும். எந்தக் கல்லூரிக்கும் ஒரு சதம் கொடுப்பதற்கு முன்னர் இது முடிந்திருத்தல் வேண்டும். பணத்தைக் கட்டியபின் கண்ணிலோ இருதயத்திலோ குறை தெரியவந்தால், அந்தத் துயரத்துக்கு மாற்று இல்லை.

அது தேறினால், வெளிநாட்டுக்கு ஓடுவதற்கு முன்னர் இரத்மலானையில் உள்ள பயிற்சிப் பள்ளிகளுள் ஒன்றிற் சில மணித்தியாலம் பறந்து பார்க்கட்டும். சிறிய விமானத்திற் காற்றோடு மல்லுக்கட்டியபின் ஆசை வளர்வோரும் உளர், அடங்குவோரும் உளர். எங்கே பயின்றாலும், பறந்த மணித்தியாலத்துக்கு மட்டும் பணம் செலுத்துவதே நன்று. முழுத் தொகையையும் முற்பணமாகக் கேட்கும் இடத்தில், பள்ளி மூடப்பட்டால் அல்லது பிள்ளை இடையில் நின்றால் மீதிப் பணம் திரும்பி வருமா என்பதை எழுத்திற் பெறுதல் வேண்டும்.

முகவர் மறுபடி வந்தால் அம்மையார் சில கேள்விகளைக் கேட்கட்டும். எந்த நாட்டு அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் கிடைக்கும்? அது இலங்கையில் மாற்றத்தக்கதா? சொன்ன தொகையுள் எத்தனை மணித்தியாலம் அடங்கும்? கருவிப் பறப்பும் பல இயந்திரத் தகுதியும் அதனுள் உண்டா, வெளியேயா? பரீட்சையிற் தவறினால் மீண்டும் யார் செலவு? கடந்த மூன்று ஆண்டுகளில் உங்களிடம் பயின்றோருள் எத்தனை பேர் இன்று விமானச் சேவையிற் பணிபுரிகின்றனர்? கடைசிக் கேள்விக்கு அவர் தயங்கினால், அந்தத் தயக்கமே விடை.

இதனிடையே மகன் ஒரு பட்டப்படிப்பையோ, விமானப் பராமரிப்புப் பொறியியலையோ பயில்வது வீண்போகாது. விமானத்தைப் பழுதுபார்த்து, "இது பறக்கத் தகுந்தது" என்று ஒப்பமிடும் ஊழியருக்கும் அதே சர்வதேச இணைப்பு தனி அனுமதிப்பத்திரம் வகுத்திருக்கின்றது. அது வானத்திற் கிடைக்கும் தொழிலன்று; ஆனால் விமானத்தை விட்டு விலகாத தொழில். உழைத்துச் சேர்த்த பணத்தோடு இருபத்தைந்தாம் வயதிற் பறக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டதாக எந்த விதியும் கூறவில்லை. மேல் வயதுக்கு எல்லை இருக்கின்றது. தொடங்கும் வயதுக்கு அத்தகைய எல்லை இல்லை.

ஈற்றில் ஒன்று. அம்மையாரின் கடிதம் நான்கு பக்கம். அதில் மகனைப் பற்றி மூன்று பக்கம். முகவரைப் பற்றி ஒரு பக்கம். மகளைப் பற்றி ஒரே ஒரு வரி. அதுவும் காணி அவளுக்கென வைத்தது என்பதைச் சொல்வதற்காக. அந்தப் பெண்பிள்ளை இந்தக் கணக்கில் என்ன நினைக்கின்றாள் என்று கேட்டதுண்டா? அவளும் படிக்கின்றாள். அவளுக்கும் ஓர் ஆசை இருக்கும். அது வானத்தைப் பற்றியதாகவே இருத்தலும் கூடும். மேலே சொன்ன விதிகளுள் ஒன்றேனும் ஆணுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று.

தமையனின் கனவுக்குத் தங்கையின் காணியை ஈடு வைப்பதாயின், அந்தத் தங்கையும் வயதுக்கு வந்து, விஷயம் முழுவதையும் அறிந்து, மனமுவந்து சம்மதித்த பின்னரே வைத்தல் முறை. அதுவரை அக்காணியில் வெங்காயமும் மிளகாயும் விளையட்டும். இந்த வாரமே மகன் வைத்தியரிடம் சென்று வரட்டும். அவர் சொல்வதை அம்மையார் எமக்கு எழுதினால், அடுத்த படியைப் பற்றி அப்போது பேசுவோம்.